இணைய மன்றங்களின் மட்டுறுத்துநர்கள்: பணியும் உறுப்பினர் பார்வையும்

இணையத்தில் பலர் கூடி உரையாடும் மன்றங்களில், உறுப்பினர் இடும் பதிவுகளைப் படித்து, விதிக்கு உட்பட்டவற்றை அனுமதித்து, மற்றவற்றை நீக்கி, உரையாடல் திசைமாறாமல் பார்த்துக்கொள்பவர் மட்டுறுத்துநர் எனப்படுகிறார். நெறியாளர், நிர்வாகி என்ற சொற்களும் வழக்கில் உள்ளன. பெரும்பாலான மன்றங்களில் இவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஒரு காலத்தில் சாதாரண உறுப்பினராக இருந்து, பிறகு இப்பொறுப்புக்கு வந்தவர்கள்.

மட்டுறுத்துநர் செய்யும் வேலையில் பெரும்பகுதி உறுப்பினர் கண்ணில் படுவதில்லை. நீக்கிய பதிவும் விதித்த தடையும் மட்டுமே வெளியே தெரிகின்றன. இதனால் உறுப்பினர் அவரது அதிகாரத்தைக் காண்கின்றனர், உழைப்பைக் காண்பதில்லை. கடந்த 40 ஆண்டுகளில் மன்றங்களைச் சுற்றி எழுந்த வழக்குகள், வேலைநிறுத்தங்கள், மனக்கசப்புகள் பலவற்றுக்கும் இந்த இடைவெளியே அடிப்படையாக இருந்துள்ளது.

அன்றாடப் பணிகள்

மட்டுறுத்துநரின் முதல் வேலை படிப்பது. ஒரு பதிவை நீக்குவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அதை நீக்க வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய, அது இடம்பெற்ற இழை முழுவதையும் படிக்க வேண்டியிருக்கும். கேலியா, வசையா, உள்ளூர் வழக்கா என்பது முன்பின் தெரியாமல் விளங்காது. உறுப்பினர் அனுப்பும் புகார்களில் பல, விதிமீறலைப் பற்றியவை அல்ல. கருத்து வேறுபாட்டைப் பற்றியவை. அவற்றைப் படித்துவிட்டு எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அந்த முடிவு எங்கும் பதிவாவதில்லை.

இதைத் தவிர விளம்பரக் குப்பைகளை அகற்றுதல், ஒரே கேள்வி பலமுறை எழும்போது இழைகளை இணைத்தல், புதியவருக்கு வழிகாட்டுதல், சண்டையிடும் இருவருக்கும் தனிமடல் எழுதி அமைதிப்படுத்துதல், விதிகளை எழுதித் திருத்துதல், தானியங்கி வடிகட்டிகளைச் சரிபார்த்தல், தடை பெற்றவரின் முறையீட்டைக் கேட்டல் ஆகியவையும் இவர்களின் வேலைகளே. ஒருவரின் தனிப்பட்ட முகவரியோ தொலைபேசி எண்ணோ மன்றத்தில் வெளியிடப்பட்டால், பலர் பார்க்கும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்தும் பதிவு வந்தால் உரிய உதவியைச் சுட்டிக்காட்ட வேண்டும். இவை நன்றாக நடக்கும் மன்றத்தில், எதுவுமே நடக்காதது போலத்தான் உறுப்பினருக்குத் தோன்றும்.

தொலைபேசி வழிப் பலகைகள்

1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் ஆகிய இருவரும் கணினி வழி அறிக்கைப் பலகை ஒன்றைத் தொடங்கினர். கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, அதை அழைப்பவர் செய்தி எழுதிவைக்கவும், பிறர் எழுதியதைப் படிக்கவும் வழி செய்தனர். ஒரே இணைப்பு என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். 1980-களில் இத்தகைய பலகைகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

இப்பலகைகளை நடத்தியவர் 'சிஸ்ஆப்' எனப்பட்டார். கணினி அவருடையது, தொலைபேசிக் கட்டணமும் அவருடையது. பலகை பெரும்பாலும் அவர் வீட்டிலேயே இருந்தது. ஆகவே அவர் விதித்த கட்டுப்பாட்டை உறுப்பினர்கள் ஒரு வீட்டுக்காரரின் உரிமையாகவே கருதினர். பிடிக்காதவர் வேறொரு பலகைக்குப் போனார். பொது இடம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெறவில்லை.

யூஸ்நெட்டும் ஒப்புதல் முறையும்

டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979-இல் திட்டமிட்டு, 1980-இல் செயல்பாட்டுக்கு வந்த யூஸ்நெட் வலையமைப்புக்கு வீட்டுக்காரர் யாரும் இல்லை. ஒரு கணினியில் இட்ட செய்தி அடுத்தடுத்த கணினிகளுக்குப் பரவியது. நீக்குவதற்கு மைய அதிகாரமும் இல்லை. கூட்டம் பெருகியபோது இரைச்சலும் பெருகியது.

இதற்குத் தீர்வாக 1984-இல் மட்டுறுத்தப்பட்ட செய்திக்குழுக்கள் அறிமுகமாயின. இக்குழுக்களுக்கு எழுதும் செய்தி நேராக வெளியாகாது. முதலில் மட்டுறுத்துநரின் மின்னஞ்சலுக்குச் செல்லும். அவர் படித்து, ஒப்புதல் குறிப்பைத் தலைப்பகுதியில் சேர்த்த பிறகே அது வெளியாகும். பத்திரிகை ஆசிரியரின் மேசைக்கு வரும் வாசகர் கடிதத்தைப் போன்ற நிலை இது. கணினிகளால் பொதுமக்களுக்கு நேரும் ஆபத்துகளைப் பேசும் 'ரிஸ்க்ஸ்' தொகுப்பை 1985 முதல் பல பத்தாண்டுகள் பீட்டர் நியூமன் என்ற கணினி அறிவியலாளர் இவ்வாறு நடத்திவந்தார்.

இம்முறையை எல்லாரும் விரும்பவில்லை. தணிக்கை என்றும், தாமதம் என்றும் குறை கூறியவர்கள் இருந்தனர். ஆனால் 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் இணையர் இருவர் தங்கள் குடியேற்ற உரிமச் சேவைக்கான விளம்பரத்தை ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் ஒரே நேரத்தில் இட்டனர். எந்தக் குழுவின் பேச்சுக்கும் தொடர்பில்லாத அந்த விளம்பரம் எங்கும் நிறைந்தது. வாயிற்காவல் இல்லாத இடம் யாருக்குப் பயன்படும் என்பதைப் பலர் அன்று உணர்ந்தனர்.

துடைப்பவரே பொறுப்பாளி என்ற தீர்ப்பு

1990-களில் மன்றங்கள் வணிக நிறுவனங்களின் கைக்கு வந்தபோது, மட்டுறுத்தல் சட்டச் சிக்கலாக மாறியது. 1991-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின்மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கில், அந்நிறுவனம் பொறுப்பல்ல என்று நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்திகளை முன்கூட்டிப் படிக்காத நிறுவனம் புத்தகக் கடைக்காரரைப் போன்றது என்பது அதன் அடிப்படை.

1995-இல் பிராடிஜி நிறுவனத்தின்மீதான வழக்கில் இதற்கு நேர்மாறான முடிவு வந்தது. அந்நிறுவனத்தின் பங்குச்சந்தை உரையாடல் பலகையில், ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்வதாகப் பெயர் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பிராடிஜி தன் பலகைகளுக்கு விதிகள் வகுத்திருந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தலைவர்களை நியமித்திருந்தது. தகாத சொற்களை வடிகட்டும் மென்பொருளையும் வைத்திருந்தது. இவ்வாறு கவனித்துவந்ததால், பிராடிஜி பதிப்பாளர் ஆகிவிட்டது என்றும், எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் நியூயார்க் மாநில நீதிமன்றம் கூறியது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் விந்தையான பாடம் கிடைத்தது: தெருவைக் கூட்டாமல் விட்டவருக்குத் தண்டனை இல்லை, கூட்ட முயன்றவருக்குத் தண்டனை. இந்த முரணைத் தீர்க்கவே 1996 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குச் சட்டத்தில் 230-ஆம் பிரிவு இடம்பெற்றது. பிறர் எழுதியதற்கு மன்றம் நடத்துபவரைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்றும், நல்லெண்ணத்தோடு தகாதவற்றை நீக்கியதற்காக அவர்மீது பொறுப்புச் சுமத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. அச்சட்டத்தின் வேறு சில பகுதிகளை 1997-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியபோதும் இப்பிரிவு நிலைத்தது. மட்டுறுத்துநர்கள் அச்சமின்றி வேலை செய்ய இது இடம் தந்தது. நிறுவனங்கள் பொறுப்பிலிருந்து நழுவவும் இதுவே இடம் தருகிறது என்ற விமரிசனம் இன்றும் தொடர்கிறது.

ஏ.ஓ.எல். தன்னார்வலர் வழக்கு

அமெரிக்கா ஆன்லைன் எனப்பட்ட ஏ.ஓ.எல். நிறுவனம் 1990-களில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைக் கொண்டு தன் உரையாடல் அறைகளை நடத்தியது. சமூகத் தலைவர்கள் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். அக்காலத்தில் இணைய இணைப்புக்கு மணிக்கணக்கில் கட்டணம் இருந்தது. ஆகவே இலவச இணைப்பு என்ற கைம்மாறு பெரிதாகத் தெரிந்தது. 1996 இறுதியில் மாதத்துக்கு ஒரே கட்டணம் என்ற முறை வந்ததும் அதன் மதிப்பு குறைந்தது. வேலை குறையவில்லை.

இத்தன்னார்வலர்கள் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது இத்தனை மணிநேரம் பணியில் இருக்க வேண்டும். அறிக்கைகள் அனுப்ப வேண்டும். இத்தனை நிபந்தனைகள் இருந்தால் அது தொண்டா, வேலையா என்ற கேள்வி எழுந்தது. முன்னாள் தன்னார்வலர் இருவர் 1999-இல் குறைந்தபட்ச ஊதியம் கோரி வழக்குத் தொடுத்தனர். அத்தன்னார்வத் திட்டம் 2005-இல் நிறுத்தப்பட்டது. 2010-இல் 1.5 கோடி டாலர் தந்து நிறுவனம் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. அறைகளில் அரட்டையடித்த உறுப்பினர்களில் பலருக்கு, தங்களை எச்சரித்த அந்தத் தலைவர் சம்பளமின்றி உழைத்தவர் என்பதே தெரிந்திருக்காது.

அதிகாரத்தைப் பகிர்ந்தளித்த முயற்சிகள்

சிலரிடம் மட்டும் அதிகாரம் குவிவதைத் தவிர்க்கவும் முயற்சிகள் நடந்தன. 1997-இல் தொடங்கப்பட்ட ஸ்லாஷ்டாட் தளம், உறுப்பினர்களில் சிலரைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குச் சில மதிப்பெண்களை வழங்கியது. அவற்றைக் கொண்டு அவர்கள் பிறர் பதிவுகளை உயர்த்தலாம், தாழ்த்தலாம். சில நாட்களில் அந்த அதிகாரம் காலாவதியாகிவிடும். அவர்கள் நியாயமாக மதிப்பிட்டார்களா என்பதை வேறு உறுப்பினர் மதிப்பிடும் முறையும் 1999-இல் சேர்க்கப்பட்டது. வகுப்பில் மாணவர் முறைவைத்துத் தலைமை ஏற்பதைப் போன்ற ஏற்பாடு இது.

1999-இல் தோன்றிய மெட்டாஃபில்டர் மன்றம், மட்டுறுத்துநர்களின் முடிவுகளை விவாதிப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்றை வைத்தது. எதற்காக நீக்கினீர்கள் என்று அங்கே யாரும் கேட்கலாம். பதிலும் அங்கேயே கிடைக்கும். விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளைச் சமூகமே உரையாடித் தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் செய்யும் நீக்கமும் தடையும் யாரும் பார்க்கக்கூடிய பதிகையில் காரணத்தோடு இடம்பெறுகின்றன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே முறைதான். இந்த மன்றங்களிலும் சண்டைகள் இருந்தன. ஆனால் சண்டையிடுவதற்குத் தேவையான சான்றுகள் எல்லாருக்கும் கிடைத்தன.

ரெடிட் வேலைநிறுத்தங்கள்

2005-இல் தொடங்கப்பட்ட ரெடிட் தளத்தில், 2008 முதல் பயனர் எவரும் தமக்கென ஒரு குழுவை உருவாக்கி நடத்தலாம். அறிவியல், சமையல், மனநலம், ஊர்ப் பேச்சு என எண்ணற்ற குழுக்களைத் தன்னார்வ மட்டுறுத்துநர்களே நடத்துகின்றனர். பதிவுகளைத் தானாகச் சோதிக்கும் நிரல் ஒன்றையும் முதலில் ஒரு மட்டுறுத்துநரே எழுதினார். பின்னர் அது தளத்தின் பகுதியாயிற்று.

2015 ஜூலையில், பிரபலங்களோடு உரையாடும் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்துவந்த ஊழியர் ஒருவர் திடீரென வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரை நம்பியிருந்த மட்டுறுத்துநர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் குழுவைப் பொதுமக்களுக்கு மூடினர். பிற குழுக்களும் பின்தொடர்ந்தன. நீண்டகாலமாகக் கேட்டுவந்த கருவிகள் தரப்படவில்லை, நிறுவனம் தங்களோடு பேசுவதில்லை என்பவை அவர்களின் குறைகள். தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். அம்மாதமே பதவி விலகினார்.

2023-இல் மீண்டும் மோதல் எழுந்தது. ரெடிட் தரவுகளைப் பயன்படுத்தும் வெளிச் செயலிகளுக்கு நிறுவனம் உயர்ந்த கட்டணம் விதித்தது. மட்டுறுத்துநர் பலர் அத்தகைய செயலிகளைக் கொண்டே வேலை செய்துவந்தனர். பார்வையற்றோர் குழுவின் மட்டுறுத்துநர்களுக்கு இது இன்னும் பெரிய இடர். நிறுவனத்தின் சொந்தச் செயலி திரைவாசிப்பான்களோடு சரியாக ஒத்துழைக்கவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் மூடப்பட்டன. தொடர்ந்து மூடிவைத்தவர்களை மாற்றிவிட்டு வேறு மட்டுறுத்துநரை அமர்த்தலாம் என்று நிறுவனம் உணர்த்தியது. அணுகல்தன்மைக்கான சில செயலிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மற்றபடி நிறுவனம் பின்வாங்கவில்லை. அதே மாதத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் மட்டுறுத்துநர்களும், செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதற்குத் தடை வந்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது.

இவ்வேலைநிறுத்தங்களின்போது உறுப்பினர்களும் பிளவுபட்டனர். சிலர் மட்டுறுத்துநர்களின் பக்கம் நின்றனர். வேறு சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் குழுவை மூட நீங்கள் யார் என்று கேட்டனர். இரண்டாவது கேள்வியையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குழுவை உருவாக்கியவர் மட்டுறுத்துநராகிறார். உறுப்பினர் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

உறுப்பினர் பார்வை: ஆய்வுகள் கூறுவது

ரெடிட்டில் பதிவு நீக்கப்பட்ட 907 பயனர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. தங்கள் பதிவை நீக்கியது சரியே என்று ஏற்றவர்கள் 18 விழுக்காட்டினர். ஏன் நீக்கினார்கள் என்றே புரியவில்லை என்றவர்கள் 37 விழுக்காட்டினர். மனக்கசப்பை வெளிப்படுத்தியவர்கள் 29 விழுக்காட்டினர். மட்டுறுத்துநரைப் பற்றிய கசப்பில் கணிசமான பங்கு, காரணம் தெரியாமையிலிருந்து வருகிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு, ரெடிட்டின் அறிவியல் குழுவில் நடந்த 2,190 உரையாடல்களை எடுத்துக்கொண்டது. சிலவற்றின் உச்சியில் மட்டும் விதிகள் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு இருந்த இடங்களில் புதியவர்கள் விதியைப் பின்பற்றுவது 8 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதோடு, பேச முன்வந்த புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. விதி சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவர் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது மாறானது. எல்லை தெரிந்த மைதானத்தில் விளையாடத் தயக்கம் குறைகிறது.

உழைப்பின் அளவையும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். 2022-இல் வெளியான ஆய்வின்படி, ரெடிட் மட்டுறுத்துநர்கள் அனைவரும் சேர்ந்து 2020-இல் நாள்தோறும் குறைந்தது 466 மணிநேரம் உழைத்தனர். அதன் ஆண்டு மதிப்பு 34 லட்சம் டாலர். அந்நிறுவனத்தின் 2019 வருவாயில் 2.8 விழுக்காடு. பதிகையில் தடம் விடும் செயல்களை மட்டும் கொண்டு செய்த கணக்கு இது. தனிமடலில் சமாதானம் பேசிய நேரம் இதில் அடங்காது.

தமிழ்க் குழுக்களில் மட்டுறுத்தல்

இணையத் தமிழின் தொடக்கக்காலக் கூடங்கள் மடலாடற் குழுக்களே. 1990-களின் நடுவில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், அடுத்த பத்தாண்டில் யாஹூ குழுமங்களாக இயங்கிய மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலியவை அவற்றுள் புகழ்பெற்றவை. மட்டுறுத்தல், மட்டுறுத்துநர் என்ற சொற்கள் இச்சூழலில்தான் நிலைபெற்றன. மட்டு என்பது அளவு. மட்டுறுத்தல் என்பது அளவுக்குள் நிறுத்துதல். தணிக்கை என்ற சொல்லில் இருக்கும் கடுமை இதில் இல்லை. பின்னர் வலைப்பதிவுகள் பெருகியபோது மறுமொழி மட்டுறுத்தல் என்ற தொடரும் பழகியது. பெயரை மறைத்து எழுதப்பட்ட வசைகளுக்கு எதிரான காப்பாக அதைச் சிலர் வரவேற்றனர். உரையாடலின் வேகத்தைக் குறைப்பதாகச் சிலர் வருந்தினர்.

தமிழ் மட்டுறுத்துநருக்குக் கூடுதலாக ஒரு வேலையும் இருந்தது. ஒருங்குறி பரவலாகும் முன்பு திஸ்கி, தாப், தாம் எனப் பல குறியாக்கங்கள் வழங்கின. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் கட்டங்களாகவும் புள்ளிகளாகவும் தெரியும். எழுத்துருவைச் சரிசெய்யச் சொல்லித்தராமல் உரையாடலைத் தொடங்க முடியாது. 2020 டிசம்பரில் யாஹூ குழுமச் சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே தளத்திலிருந்த பழைய மடல்கள் நீக்கப்பட்டுவிட்டன. நகல் எடுத்துவைத்த குழுக்களின் மடல்கள் மட்டுமே எஞ்சின.

வாட்ஸ்அப் குழுவும் இந்திய நீதிமன்றங்களும்

இன்று குடியிருப்போர் சங்கம், முன்னாள் மாணவர், உறவினர் என ஆளுக்குப் பல வாட்ஸ்அப் குழுக்கள் உள்ளன. அவற்றை நடத்தும் 'அட்மின்' அறிந்தோ அறியாமலோ மட்டுறுத்துநர் ஆகிறார். உறுப்பினர் ஒருவர் இட்ட தகாத பதிவுக்காக அட்மின்மீதும் வழக்குகள் பதிவாயின. கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்து வேறெதுவும் செய்யவில்லை எனில் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், பிறர் பதிவுக்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்ற நிலையை எடுத்தன. பிராடிஜி வழக்கில் எழுந்த அதே கேள்வி, கால் நூற்றாண்டுக்குப் பிறகு கரூரிலும் எழுந்தது.

முடிவாக

வீட்டுக்காரராகத் தொடங்கிய மட்டுறுத்துநர், பத்திரிகை ஆசிரியராகவும், கூலியில்லாத் தொழிலாளியாகவும், சில வேளைகளில் போராட்டக்காரராகவும் மாறியுள்ளார். உறுப்பினர் பார்வையில் அவர் பெரும்பாலும் காவலராகவே இருந்துவருகிறார். அப்பார்வை முழுவதும் தவறன்று. காரணம் சொல்லாமல் நீக்கும் மட்டுறுத்துநர் எங்கும் உண்டு. விதிகளை முன்கூட்டியே அறிவித்தல், நீக்கியதற்குக் காரணம் சொல்லுதல், முடிவுகளை யாரும் பார்க்கும்படி பதிந்துவைத்தல் ஆகிய மூன்றும் இந்த இடைவெளியைக் குறைத்த வழிகளாக வரலாற்றில் காணப்படுகின்றன. இவை மூன்றும் மட்டுறுத்துநரின் நேரத்தையே மேலும் கேட்பவை. அந்த நேரத்துக்கு விலை இல்லை என்று கருதும்வரை, காரணம் கேட்கும் உறுப்பினருக்கும் களைத்துப்போன தன்னார்வலருக்கும் இடையிலான கசப்பு தொடரும்.